பார்லர்காரம்மாவின் கவாத்து

— அய்யய்யோ! பார்லர்காரம்மா, என் மேஜைல இருந்த மரம் எங்கம்மா?

— இங்கதான் சார் இருக்கு. நல்லாப் பாருங்க. அந்தக் குச்சி.

— குச்சியா! பன்னெண்டு வருஷத்துப் போன்சாய்மா அது!

— அப்படியா? கட் பண்ணதும் வயசே தெரியல பாருங்க.

— யாரு இதைத் தொடச் சொன்னது?

— நீங்கதான். நம்ம தோட்டக்கலை வகுப்பு போர்டுல உங்க கையெழுத்துதானே அது? "இன்று தேர்வு. ஆளுக்கொரு தொட்டி. தைரியமாகக் கவாத்து செய்யவும்." எழுதிப் போட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க. எனக்கு ஒரு கல்யாணப்பொண்ணு மேக்கப், வர லேட்டாயிடுச்சு. அதுக்குள்ள கூடப் படிக்கற பேங்க்காரர் ரெண்டு தொட்டிய அமுக்கிட்டார். டிராஃபிக் போலீஸ்காரர் ரோஜாவ ஓரங்கட்டி நிறுத்தி வெச்சிருந்தார். மிச்சம் இது ஒண்ணுதான்.

— அதுக்காக மொட்டையா அடிக்கறது?

— மொட்டையடிக்கணும்னு யாரு சார் நினைச்சா? நுனியெல்லாம் வெடிச்சுக் கிடந்துது, லேசா டிரிம் பண்ணேன். வலப்பக்கம் கொஞ்சம் தூக்கலாத் தெரிஞ்சுது, எடுத்தேன். உடனே இடப்பக்கம் தூக்கிடுச்சு. சரின்னு அதையும் எடுத்தா, மறுபடி வலப்பக்கம்...

— நிறுத்தும்மா, நெஞ்சு அடைக்குது!

— தண்ணி குடிங்க சார். முன்னாடி ரெண்டு இலை விட்டிருக்கேனே. முகத்துக்கு எடுப்பா இருக்கட்டும்னு.

— மரத்துக்கு எதும்மா முகம்? ஆறு மணிக்கு மலர்க் கண்காட்சி! வாசல்லயே இதை வெச்சு, "ஆசிரியரின் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு"ன்னு அட்டை எழுதியாச்சு. பிரின்சிபாலே வராங்க. அவங்ககிட்ட எதைக் காட்டுவேன், இந்தக் குச்சியவா?

— கவலைப்படாதீங்க. பத்து நாள்ல வளந்துடும். எல்லா கஸ்டமருக்கும் இதான் சொல்லுவேன்.

— வளந்துச்சா?

— திரும்பி வந்தாத்தானே சார் தெரியும்.

— நான் பெத்த பிள்ளை மாதிரிம்மா இது. என் கல்யாணத்தன்னிக்கே இதுக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் கிளம்பினேன். ஒரு தடவை இலை வாடிப்போச்சுன்னு நாலு நாள் லீவு போட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வகுப்புக்கு வகுப்பு சொல்லியிருக்கேனா இல்லியா?

— சொன்னீங்க சார். போன வாரம் சொல்லும்போது பேங்க்காரர் கண்ணத் தொடச்சுக்கிட்டார்.

— போதும். மார்க் ஷீட்ட எடுத்தாச்சு. கவாத்துல உங்களுக்கு முட்டை. சர்ட்டிஃபிகேட் கிடையாது.

— சார், சார்! ஆறு மாசமா ஞாயித்துக்கிழமைக் கூட்டத்த அப்படியே விட்டுட்டு வந்துக்கிட்டிருக்கேன். ஹேர் டை வாசனைல எனக்கு மூச்சு இழுக்குது. டாக்டர் பார்லரையே மூடிடுன்னுட்டார். பூங்காவுல தோட்ட வேலை தரேங்கறாங்க, இந்த சர்ட்டிஃபிகேட் ஒண்ணுதான் கேக்கறாங்க. நாளைக்குக் கடைசி நாள். எனக்கு வேற போக்கிடம் இல்ல சார்.

— பூங்காவா? அங்க இருக்கற மரமாவது பிழைச்சுப் போகட்டும். இதோ எழுதறேன், "தேர்ச்சி பெறவில்..."

— முடிச்சுடாதீங்க சார்! உங்க கால்ல வேணா விழறேன்.

— கால்ல விழுந்தா இலை முளைக்குமா? என் பன்னெண்டு வருஷத்தத் திருப்பிக் குடுங்க, பாஸ் போடறேன்!

— அய்யோ, அழறீங்களா? அழாதீங்க சார், எனக்கே அழுகையா வருது. சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன். பார்லர்ல பாத்ததக் கேட்டத வெளிய விடற பழக்கம் எனக்கு இல்ல. அடிமரத்துல, பாசிக்கு உள்ள ஒரு சீட்டு கட்டியிருந்துது. வேற யாரு கண்ணுலயும் படக்கூடாதேன்னு முதல் வெட்டே அதைத்தான் வெட்டி ஹேண்ட்பேக்ல போட்டேன்.

— சீ... சீட்டா? என்ன சீட்டு?

— நர்சரில வித்த விலைச் சீட்டு சார், போன மாசத் தேதி. கடை அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்னு அதுலயே போட்டிருக்கு, இப்ப ஓடினீங்கன்னா இன்னொரு பன்னெண்டு வருஷம் வாங்கிட்டு வந்துடலாம்.