ஆடிக்குள் மக்கிவிடும்

எங்கள் வெள்ளகோவில் பக்கத்தில் எருக்குழியை அடிக்கடி கிளற மாட்டோம், சார். ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரே தடவை அள்ளித் தோட்டத்தில் போடுவோம். அதுவரை சாணமும் சருகும் தன்பாட்டுக்கு மக்கிக்கொண்டிருக்கும்.

அந்தத் தோட்டத்தில்தான் என் கம்பெனியும் இருக்கிறது. மக்காச்சோள மாவிலிருந்து வரும் பிளாஸ்டிக்கை நுரைக்க வைத்து, தெர்மாகோல் மாதிரி தட்டும் ஷீட்டும் செய்கிறோம். முதலில் நுரை நிற்கவே இல்லை. பொங்கிய பால் மாதிரி அடங்கிப்போகும். ரூபன்தான் ஒரு மருந்தைக் கலந்து நிற்க வைத்தான். கோவையில் படித்த பையன், கெட்டிக்காரன். என் தம்பி என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

தை கடைசியில் அவனே வந்து நின்றான்.

"அண்ணா, இது மக்காதுங்க. நுரையப் புடிச்சு நிறுத்தற மருந்தே மக்கவும் உடமாட்டேங்குது. பெட்டியில 'ஆறு மாசத்துல மக்கும்'னு போட்டிருக்கறத எடுத்துப்போடலாமுங்க. இல்லீன்னா வாங்கறவங்ககிட்ட நானே சொல்லிப்போடுவனுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. மனசு நொந்தது, அவ்வளவுதான். என் பொருளை என் கூரைக்குக் கீழேயே நின்று பொய் என்கிறான்.

"செரி கண்ணு, ஸ்டோர் ரூம்ல புது ஷீட் இருக்குது, ஒருக்கா பாத்துப்போட்டு வா" என்றேன்.

"வாரனுங்கண்ணா" என்று போனான். ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் யாரும் இல்லை. வெளியே தாழ் போட்டு, நுரைக்க வைக்கிற கேஸை உள்ளே திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கதவைத் தட்டினான். அப்போதும் "ஏனுங்கண்ணா, ஏனுங்கண்ணா" என்றுதான் கூப்பிட்டான். மரியாதை தெரிந்த பையன்.

எங்கள் ஷீட்டிலேயே நன்றாகச் சுற்றி எருக்குழியில் இறக்கினேன். அவன் அம்மா மாசாணியம்மாள் தேடி வந்தபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "வந்துருவானுங்கம்மா" என்றேன். பாவம், நம்பிக்கொண்டு போனது.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆனி பிறந்ததுமே எரு அள்ள ஆள் வந்துவிட்டார்கள். சாணம் மக்கியிருந்தது, சருகு மக்கியிருந்தது. ஷீட் மட்டும் சுற்றின மடிப்புக் கலையாமல் வெள்ளை வெளேரென்று இருந்ததாம்.

ஆமாம் சார், ரூபனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனியில் குழியைத் திறந்தபோது ஆறு மாதம் முடியவில்லை. ஆடி கடைசி வரைக்கும் விட்டிருந்தால் மக்கியிருக்கும்.