பனையூத்து விலக்கு

இருட்டினால்தான் வரும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. கரண்ட் வருகிறவரை தறி ஓடாது, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் செட்டில் பாவு ஓட்டுகிற ஆறுமுகச்சாமிக்குச் சித்தப்பா முறை, சுந்தரராஜ் என்று பெயர். அவருக்கு நேர்ந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். மணி பன்னிரண்டு, சரியான உச்சி. சிவகிரிக்கும் திருவேங்கடத்துக்கும் நடுவே கரிசல் காட்டுப் பாதை… ஆள் இல்லை, ஆடு இல்லை, ஒரு காக்கை கூட இல்லை. இரவல் ராஜ்தூத்தில் சுந்தரராஜ் மட்டும் வருகிறார். துஷ்டி சொல்லிவிட்டு வருகிறார்.

அன்று விடியற்காலையில்தான் சங்கரன்கோவிலில் பாலம்மாள் செத்துப்போனாள். சுந்தரராஜின் அக்காவுக்கு மாமியார். சாவுச் சேதி கொண்டு போகிறவனுக்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கக் கூடாது. போன வழியே திரும்பக் கூடாது. வட்டம் போட்டு வேறு பாதையில்தான் வீடு சேர வேண்டும். திரும்பினால் செத்தவர்கள் பின்னாலேயே வருவார்களாம்.

கிளம்பும்போது அக்கா புருஷன் சங்கரபாண்டி, தாயார் காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டே சொன்னார்.

“மாப்ள, எல்லார்ட்டயும் சொல்லு. பனையூத்துல மட்டும் சொல்லாண்டாம்.”

பனையூத்தில் இருப்பது அவர் தங்கை கோமதித்தாய். இஷ்டப்பட்டவனோடு போனவள். பத்து வருஷமாக அண்ணன் அவளை நடை ஏற விடவில்லை.

“அத்த கடைசி மூச்சு வரைக்கும் ‘கோமதி வந்துட்டாளா’ன்னுதான கேட்டுக்கிட்டுக் கெடந்தா, அத்தான்…”

“செத்தவளுக்குத் தெரியவா போகுது? நாலு மணிக்கு எடுக்கணும், போவே.”

சுந்தரராஜுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அத்தான் தறியில் பிழைக்கிற ஆள் என்ன பேசுவார்? வாயை மூடிக்கொண்டு வண்டியை உதைத்தார். அந்த வாயைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்க மாட்டேன்.

சிவகிரியில் சொல்லியாயிற்று, வழியில் நான்கு ஊரிலும் சொல்லியாயிற்று. திருவேங்கடம் போய்ச் சுற்றி வீடு சேர வேண்டியதுதான் பாக்கி. பனையூத்து பிரிகிற விலக்கு வந்தது. ஒரு மொட்டைப் பனை, சாய்ந்த மைல்கல். தலையைத் திருப்பாமல் தாண்டினார்.

இரண்டு மைல் போயிருப்பார்… மறுபடி மொட்டைப் பனை. சாய்ந்த மைல்கல்.

வெயில் கிறுக்கு என்று நினைத்து முறுக்கினார். வண்டி இழுக்கவில்லை. பின்சீட்டு ஸ்பிரிங் ‘கிறீச்’ என்று இறங்கியது. அப்புறம் வாசனை… புகையிலையும் வேப்பெண்ணெயும். காதோரத்தில் ஒரு சத்தம். கிண்… கிண்… பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் கிண்.

அந்தப் பாம்படம் முடிச்சுக்குள் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மூன்றாம் தடவையும் அதே விலக்கு. மணி அதற்குள் எப்படியோ இரண்டரை. வண்டி தானாக நின்றது. மூச்சு மட்டும் பிடரியில்… குளிர்ச்சியாக. பனையூத்துக்கு மூன்று மைல்தான். போய் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பெண் நாலு மணிக்குள் தாய் முகத்தைப் பார்த்திருப்பாள். அத்தான் முகம் ஞாபகம் வந்தது. சுந்தரராஜ் வண்டியைத் திருப்பினார். போன வழியே.

ஸ்பிரிங் மேலே எழும்பியது. யாரோ இறங்கிக்கொண்டார்கள். வண்டி சிட்டாகப் பறந்தது.

வீட்டில் பாடையைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்… கனமே இல்லை. குளிப்பாட்டிக் கிடத்திய உடம்பின் உள்ளங்காலில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. சுந்தரராஜ் மட்டும் அதைப் பார்த்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம். பந்தி நடக்கிறது. வாசலில் கோமதித்தாய் வந்து நின்றாள். தலை நிறையப் பூ, கையில் தூக்குச் சட்டி, முகமெல்லாம் சிரிப்பு. பந்தி அப்படியே நின்றுபோயிற்று.

“என்ன எல்லாரும் இப்படிப் பாக்கீக? அம்மா எங்கன? பதினஞ்சு நாளு எங்கூடத்தான் இருந்தா. மடியில படுத்து எம்புட்டுப் பேசுனா! இன்னைக்கு விடியக்காலம் சொல்லாம கொள்ளாம கெளம்பி வந்துட்டா. அண்ணனுக்குக் கோவம் தீந்துபோச்சுன்னு சொன்னாளே?”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

“இத மறந்துட்டு வந்துட்டா.”

உள்ளங்கையில் பாம்படம்.

சங்கரபாண்டி உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தார். அவர் போட்ட முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. அவிழ்த்தால்… ஒரு பிடி கரிசல் மண்.

வாசலில் அவள் சுந்தரராஜைப் பார்த்துவிட்டாள்.

“அத்தான், நீங்கதான் அவள விலக்கு வரைக்கும் கொண்டாந்தீகளாம். நான் நல்லா இருக்கேனான்னு பாக்க நீங்களும் ஒரு எட்டு வந்திருக்கலாம்லா?”

அதே வாசலில், தண்ணீர் கூடக் குடிக்காமல், சொல்லாமல் விட்ட சாவை அன்றைக்குத்தான் சுந்தரராஜ் அவளிடம் சொன்னார். கேட்டுவிட்டு அவள் அழவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்து, “நெசமாம்மா?” என்று கேட்டாள்.

கிண் என்று ஒரு சத்தம் வந்தது. பாம்படம் அவள் கையில் அசையாமல்தான் இருந்தது.