ரெண்டு தடவை குறைஞ்ச ஒரு மணி நேரம்

தட்டாதம்மா நுஸ்ஹா, கைதான் வலிக்கும். இந்தக் குளிர் அறைக் கதவு கனத்துக்கு வெளிய பீரங்கி வெடிச்சாலும் கேக்காது. அத்தனை பேரும் நோன்பு திறந்துட்டுப் பள்ளிவாசலுக்குப் போயாச்சு. அந்த மத்திப் பெட்டிமேல உக்காரு.

சுத்தித் தகரம், போன் எப்படி எடுக்கும்? உள்கைப்பிடியா? அது உடைஞ்சு வருஷமாச்சு, முதலாளி ஹாஜ் மிலூத் மாத்துறேன் மாத்துறேங்கிறார். முன்னாடி ஒருதரம் மாட்டிக்கிட்டு விடியவிடிய மீனோட பேசிட்டிருந்தேன். ரெண்டு மத்தி தும்மிச்சு. பூஷ்டா கதை விடுறான்னு ஸாஃபி ஊரே சொல்லும், நீயும் சொல்லிக்கோ.

ஒரு மணி நேரத்துல தானா திறக்கும்தான். அதுக்குள்ள நம்மளையும் பெட்டியில அடுக்கிடலாம்.

ஏன் பூட்டிச்சா? நாம நோன்பு திறக்கப் போறப்ப கதவு தானாப் பூட்டணும், வர்றப்ப திறக்கணும். இன்னிக்கு நாம ஹரீரா சூப்பு குடிக்கிறப்ப ஆன்னு திறந்தே கிடந்துச்சு. துறைமுகத்துப் பூனை பூரா இங்க வந்து நோன்பு திறந்துட்டுப் போயிடுச்சு. என்னன்னு பாக்க நாம உள்ள வந்தோம், இப்பப் பூட்டுது.

ஆமா, நீ ஒரு எழுத்து மாத்தல. நான் எழுதின அதே கதவுப் புரோகிராம்தான். ஆனா இன்னிக்கு உன் லேப்டாப்லேருந்துதானே கதவுக்கு ஏத்தினே? ரமலானுக்கு நம்ம நாட்டுல கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி வைப்பாங்கன்னு என் பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதான் நானே குறைச்சு எழுதினேன். உன்னோடது புதுசு, அதுக்குத் தெரியும். அதுவும் குறைச்சுது, நானும் குறைச்சேன், கதவோட கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கிடுச்சு.

அந்த வரியை எடுத்தாப் போதும், சரிதான். எதுல எடுப்பே? லேப்டாப் வெளிய மேஜைமேல சூடா இருக்கு.

என்னோடது இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. நெட்டையே காட்டாம, அப்டேட் வாசனையே படாம வெச்சிருந்தேன். அதைத்தானே காலையில ஹாஜ் பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னார்? நீயும் தலையை ஆட்டினே.

இப்பச் சொல்லு, போட மாட்டேன்னு. நான் வேலையை விட்டுப் போனப்பறமும் அது இருக்கிறபடியே இருக்கணும். நல்லாச் சொல்லு, பல்லு தந்தியடிக்கிறதுல கேக்கல.

சரி, எந்திரி தாயி. வயரு கதவு வரைக்கும் எட்டும். இரும்புக்காரன் கண்ணுல படாம வைக்க வேற இடம் கிடைக்கல. நீ உக்காந்திருக்கிற பெட்டியில மத்தி இல்ல.