ஜெயப்பிரியாவின் காய்ச்சல் அட்டை

என் பெயர் சாரதாமணி, வயது 49, கணவர் பெயர் வீரபாகு. ஜலகண்டாபுரத்தில் குடியிருந்து விசைத்தறி ஓட்டி வருகிறோம். யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் மகள் ஜெயப்பிரியாவுக்கு, வயது 24, ரத்தச் சிவப்பணுக்கள் தானாக உடைந்துபோகும் அரிய நோய் உள்ளது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்தால்தான் நடமாடுகிறாள். அந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியைக் கட்டிப்போடும், காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி, அதை எழுதிய அட்டை எப்போதும் அவளிடமே இருக்கவேண்டும் என்று கொடுத்தார்.

சென்ற தை மாதம் ராசிபுரம் ரமேஷ்குமாருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது நோயை மறைத்துவிட்டோம். மருந்து ஏற்ற வரும் நாளைக் கோயில் வேண்டுதல் என்று சொல்லிவைத்து, அட்டையை என் பீரோவில் பூட்டினேன். "அவருகிட்டச் சொல்லீரலாம்மா, பயமா இருக்குது" என்று மகள் இருமுறை கேட்டாள். ஆடி முடியட்டும் என்று அடக்கிவிட்டேன்.

கடந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சம்பந்தியம்மா குப்பாயி போன் செய்து, "புள்ளைக்கு ராத்திரியிருந்து காய்ச்சலுங்க. மேலெல்லாம் செவப்புப் பொட்டாட்டம் இருக்குது. அம்மைங்களா, இல்ல முன்னாலயே ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். நோய் தெரிந்தால் மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, ஆத்தாதான் வந்திருக்கறா. வேப்பந்தழை கட்டுங்க, ஊசி கீசி போட்டுறாதீங்க, நான் வாரேன்" என்றேன். நானே போய்க் கோயிலுக்கு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மகளுக்குப் பேச்சில்லை. பொட்டுகள் ஊதா நிறமாகிக் காலெல்லாம் படர்ந்திருந்தன. அதன் பிறகு மருமகன் காரில் சேலம் கொண்டுவந்தோம். அட்டையை டாக்டரிடம் தனியாகக் கொடுத்தேன். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டார், சொன்னேன். உடனே மகளை ஐசியுவுக்குள் கொண்டுபோகச் சொன்னார்.

மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே போட்டுவைத்தார்கள் என்று என் கணவர் சம்பந்தி வீட்டார் மேல் புகார் கொடுத்திருக்கிறார். நான் போனில் சொன்னது அவருக்குத் தெரியாது. இன்று காலை ஐசியு வாசலில் குப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தூரத்துல இருந்தீங்க, கிட்ட இருந்த எனக்குத் தெரியலீங்களே, மன்னிச்சுக்கோங்க" என்று அழுதார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. திறக்கவேண்டிய வாயை இங்கே வந்து திறக்கிறேன்.

அவர்கள் மேல் வழக்கு வேண்டாம். மகள் இன்னும் கண் விழிக்கவில்லை. விழித்தால் முதலில் என்னைத்தான் கேட்பாள். அதற்கும் பயமாக இருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்)
வீ. சாரதாமணி