நாலாவது படத்துக்குச் சீமோன் போட்ட புள்ளி

நல்ல பயம் ஒன்றின் விலை இப்போது மாதம் ஒன்பது டொலர் தொண்ணூற்றொன்பது சதம், வரி புறம்பு. பேய்ப்படச் சந்தாவில் முதல் ஏழு நாள் இலவசம். எங்கள் அப்பா மன்னார் பெரியகடையில் புடைவைக்கடை வைத்திருந்தவர். தொட்டுப்பார்க்க ஒரு முழம் விரித்துக் காட்டுவார். ஏழு நாள் உடுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவா என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. பயத்தை இப்படி மலிவாக விற்கிறவர்கள் எப்படிக் கடை நடத்துகிறார்களோ தெரியாது.

‘சனிக்கிழமைப் பேய்கள்’ பக்கத்தை வாசிக்கிற அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் வணக்கம். சனிக்குச் சனி பார்த்த பேய்ப்படத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று சீமோனின் புள்ளியும் என் புள்ளியும் அன்றைக்கே போட்டு, மாதம் முடிய நாலு படத்துக்கும் நாலு பந்தி எழுதி, சராசரியும் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். மாசி மாதக் குறிப்பில் நாலாவது படத்துக்குப் புள்ளி போடவில்லை. சீமோனின் செத்தவீட்டு அலுவல்களுக்குள் யாரும் அதைக் கேட்கவில்லை. போன கிழமைதான் ரெக்ஸ்டேலில் இருக்கிற பாலேஸ்வரி அக்கா கேட்டிருந்தார்: “தம்பி அன்புராசா, சீமோன் கடைசியாப் பாத்த படமெல்லோ. எத்தனை குடுத்தவர் எண்டு ஒருக்காச் சொல்லுமன்.” அதற்குக் கீழே நாற்பத்தொரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

நியாயமான கேள்வி. பதினொரு வருஷத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. புதுப்படம் தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் பழைய சரக்குத்தான்.

புதிதாக வந்தவர்களுக்காக: சீமோன் என் தங்கை அன்ரனெற்றின் புருஷன், எனக்கு மச்சான். அவனுடைய தகப்பனின் கடை எங்கள் கடைக்கு நேரெதிரே. ஆகவே இரண்டு பேரும் ஒரே பாலைக் குடித்து வளர்ந்த மாதிரி. பேரம் பேசும்போது பிடித்த சாமானைப் பிடித்ததென்று சொல்லக்கூடாது, வேண்டும் என்கிற முகத்தைக் காட்டக்கூடாது, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு “உது என்ன விலை?” என்று கேட்கவேண்டும். கனடாவுக்கு வந்து நான் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். சீமோன் படங்களுக்கும் கொண்டுவந்தான். அவனை நடுங்க வைத்த படத்துக்கு இரண்டரை. உயிரை உலுக்கியது என்றால் மூன்று. “பரவாயில்லை” என்பதுதான் அவனுடைய ஆகக்கூடிய பாராட்டு.

அதனால் உங்களுக்கு அவனில் நம்பிக்கை. வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பிளாஸாவில் மீன் வாங்கப் போனாலும், “சீமோன் அண்ணை மூண்டு போட்டிருக்கிறார், கட்டாயம் பாக்கவேணும்” என்று என்னிடமே வந்து சொல்லுவீர்கள். நான் அதே படத்துக்கு நாலு போட்டிருப்பேன். அதை ஒருவரும் கவனித்ததில்லை. தாராளமாகக் கொடுக்கிறவனின் சரக்குக்கு எங்கேயும் மதிப்பில்லை, அது எனக்கு விளங்கும். ஆனால் படத்தைத் தேடுகிறது நான். எந்த நாட்டில் எந்தக் கறையான் அரித்த பெட்டிக்குள் இருந்தாலும் எடுத்து, ஆங்கில வரி ஓடுகிற பிரதி பார்த்து, வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்றில் திரை கட்டி, மிக்ஸர் வாங்கி வைக்கிறது நான். அவன் வந்து கதிரையில் இருந்து, மிக்ஸரில் கச்சான் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, “ரெண்டு” என்று சொல்லிப்போட்டுப் போவான்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். எனக்குப் பயம் வருவதில்லை. எப்போது நின்றது என்று தெரியாது, ஒரு ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆளை வாளால் இரண்டாக அறுக்கிறார்கள், எனக்கு ரசீது கிழிக்கிறதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆகவே நான் திரையைப் பார்க்கிறதைக் குறைத்துக்கொண்டு சீமோனைப் பார்த்தேன். கதிரைகளைக் கொஞ்சம் சரித்துப் போட்டது அதற்காகத்தான். அவன் வடிவாகப் பயப்படுவான். இடது பெருவிரல் மெல்ல மெல்ல உள்ளங்கைக்குள் போய் ஒளித்துக்கொள்ளும். படம் முடிந்து லைற்றைப் போட்டவுடன் அந்த விரலை வெளியே எடுத்துவிட்டு “ரெண்டு” என்பான். சாமானை எடுத்துக்கொண்டு விலையை உடைக்கிற மனுசன்.

போன வருஷம் கார்த்திகையில் அவனுக்கு நெஞ்சுக் குழாய் அடைப்புக்கு இரண்டு ஸ்ரென்ற் வைத்தார்கள். டொக்டர் அலட்டிக்கொள்ளக்கூடாது என்றார். அன்ரனெற் இனிப் பேய்ப்படம் வேண்டாம் என்றாள்.

“டொக்டர் சொன்னது பனி வழிக்கிறதை,” என்றான் சீமோன். “பேய் பாக்கிறதை இல்லை.”

அந்தக் குளிர்காலம் முழுக்க வாசலில் விழுந்த பனியை அன்ரனெற்தான் வழித்தாள்.

நெஞ்சுநோ வந்தால் நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிறே ஒன்று கொடுத்திருந்தார்கள். விரலளவு சின்னச் சிவப்புப் போத்தல். அதை அவன் காற்சட்டைப் பொக்கற்றோடு சேர்த்து உடுப்புத் தோய்க்கிற மிஷினில் போட்டுவிட்டான். புதிது வாங்கி அன்ரனெற் என்னிடம் தந்தாள்.

“அண்ணை, இவரை நம்பேலாது. சனிக்கிழமையளிலை நீங்கள் வைச்சிருங்கோ. கேட்டவுடனை குடுங்கோ.”

நான் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்து முதல் படம், கடைத்தொகுதி ஒன்றின் தானியங்கிப் படி ஆட்களை விழுங்குகிறது. எண்பதுகளில் பிச்சைக்காசுக்கு எடுத்தது. சிரித்துக்கொண்டே பார்த்தோம். நடுவில் சீமோன் கையை நீட்டினான், நான் ஸ்பிறேயைக் கொடுத்தேன். மூன்று வினாடி எடுத்திருக்காது. சீமோன் ஒன்றரை, நான் மூன்று.

இரண்டாவது படம் ஸ்பானிய மொழி. கன்னியர் மடத்துச் சுவருக்குள் ஒரு குருவானவரை வைத்துக் கட்டிவிடுகிறார்கள், ஒவ்வொரு பூசைக்கும் சுவர் பதில் சொல்லுகிறது. நல்ல சரக்கு. சீமோனின் விரல் அரை மணித்தியாலத்துக்குள் ஒளித்துவிட்டது. பிறகு கையை நீட்டினான். என் கை பொக்கற்றில் இருந்தது. ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியாது, வாய் தானாகக் கேட்டது.

“எத்தனை?”

“என்னத்துக்கு எத்தனை?”

“படத்துக்கு.”

“ரெண்டு. தா.”

“ரெண்டோ?”

“சரி, ரெண்டரை. தாவனடா, விளையாடாமல்.”

கொடுத்தேன். பன்னிரண்டு வினாடி இருக்கலாம். அவன் சொன்னபடியே இரண்டரை என்று பக்கத்தில் போட்டோம். அந்த அரைப் புள்ளி எனக்குள் எங்கேயோ போய் இருந்தது. வருஷக்கணக்காக ஒரு படமும் போய்ச் சேராத இடம்.

மூன்றாவது கிழமை இந்தோனேசியப் படம். செத்த தாய் கொடியில் காய்கிற உடுப்புகளுக்குள் திரும்பி வருகிறாள். இந்தமுறை நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. கையை நீட்டும்போதே “மூண்டு” என்றான், சிரித்துக்கொண்டு. “மூண்டரை,” என்றேன். “கொள்ளைக்காரன். உன்ரை கொப்பரே பரவாயில்லை,” என்று சொல்லி மூன்றரை தந்தான். அரை நிமிஷம் போயிருக்கும். அவன் சிரித்ததை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். அவனுக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. சீமோன் அண்ணை மூன்றரை போட்டுவிட்டார் என்று உங்களில் எத்தனை பேர் எனக்குப் போன் எடுத்தீர்கள் என்பதும் ஞாபகம் இருக்கும்.

இனி நாலாவது படம்.

மாசி மாதத்துக் கடைசிச் சனி. விடியத் தொடங்கிய பனி மத்தியானமும் கொட்டிக்கொண்டிருந்தது. அன்ரனெற் பேக்கரியில் பன்னிரண்டு மணி வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு மணிக்குப் படத்தைப் போட்டேன். கறுப்பு வெள்ளை, கிழக்கு ஐரோப்பாவில் எங்கேயோ எடுத்தது. உப்புச் சுரங்கம் ஒன்றை மூடிவிடுகிறார்கள். கீழே இருந்து மேலே வர லிஃப்ற் கேட்டு அடிக்கிற மணி ஒன்று மேலே இருக்கிறது. அதைக் காவல் காக்கிற பெண்ணுக்குச் சம்பளம் தொடர்ந்து வருகிறது. மூடி ஆறு மாதம் கழித்து மணி அடிக்கிறது.

ஒரு மணித்தியாலமும் நாலு நிமிஷமும் போனபோது சீமோன் கையை நீட்டினான். முகத்தைத் திருப்பவில்லை.

“அதை ஒருக்காத் தா.”

தேவையில்லாத சாமானுக்கு விலை கேட்கிற அதே குரல்.

“எத்தனை?”

“மூண்டரை.”

போன கிழமை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறான். எந்த வியாபாரியும் சந்தோஷப்படுவான்.

“அஞ்சு,” என்றேன்.

“அன்பு, மெய்யாத்தான் கேக்கிறன்.”

பெரியகடையில் எல்லோரும் சொல்லுகிறது இது. நான் விலையைக் குறைக்கவில்லை. படத்தை நிறுத்தவும் இல்லை.

“நாலு.”

அவனுடைய சேட்டுக் கழுத்து நனைந்திருந்தது. பேஸ்மென்றில் அவ்வளவு வெக்கை இல்லை.

“நாலரை, மச்சான். நாலரை. தா.”

தன் வாழ்நாளில் ஒரு படத்துக்கும் அவன் கொடுக்காத விலை. அது என்னை எவ்வளவு நிறைத்தது என்று எழுத எனக்குத் தமிழ் காணாது. ஆனாலும் நான் “அஞ்சு” என்றேன். அவன் அப்போதுதான் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்தான்.

எங்கள் கடைக்கு வாசலில் மூன்று படி. விலை சரிவராதவன் இறங்கிப் போவான். அப்பா அவனை இரண்டாவது படியில் கூப்பிடுவார். முந்திக் கூப்பிட்டால் விலை விழும், பிந்திக் கூப்பிட்டால் ஆள் றோட்டுக்கு அந்தப் பக்கம், சீமோனின் தகப்பனுடைய கடைக்குள் நிற்பான். சீமோன் சாய்ந்ததை நான் படியிறங்குகிறதாகத்தான் எடுத்தேன். அவன் திரும்பிப் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

இப்படித்தான் இரண்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். பேரம், பிழைத்துப்போனது, பெரியகடை ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய பிழை. பாதிரியாரிடமும் அப்படியே சொல்ல யோசித்திருந்தேன். அது சரியில்லை. படம் முடிய இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. அதற்குள் நான் பக்கத்துக் கதிரையை இரண்டு தரம் பார்த்தேன். முதல் தரம் அவனுடைய வாய் அசைந்தது. இரண்டாம் தரம் அசையவில்லை. இரண்டு தரமும் போத்தல் என் நெஞ்சில் முட்டிக்கொண்டு இருந்தது. ஐந்து என்கிற விலையை நான் முந்தின கிழமையே முடிவெடுத்துவிட்டேன். அவன் அந்த ஐந்தைச் சொல்லமாட்டான் என்பது எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவளைவிட அவனை எனக்குத் தெரியும். விற்கிற எண்ணம் இல்லாத சாமானுக்குத்தான் கடைக்காரன் அப்படி விலை சொல்லுவான்.

படம் முடிந்து, பெயர்கள் ஓடி முடிந்து, லைற்றைப் போட்டேன். அவனுடைய இடது பெருவிரல் உள்ளேயே இருந்தது. பிறகு அம்புலன்ஸ் கேட்டுத் தொள்ளாயிரத்துப் பதினொன்றுக்குப் போன் எடுத்தேன். வந்தவர்கள் மரியாதையான பிள்ளைகள். சப்பாத்துப் பனி கம்பளத்தில் கரைந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள்.

அன்ரனெற் பேக்கரித் தொப்பியோடு வந்தாள்.

“அண்ணை, ஸ்பிறே கேட்டவரோ?”

“கேக்கேல்லையம்மா. நித்திரையாக்கும் எண்டு நினைச்சன்.”

அடக்கத்தன்று கோயில் மண்டபத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொன்னாள், அண்ணை பக்கத்தில் இருந்ததுதான் பெரிய ஆறுதல் என்று. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஏதாவது வரும் என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதுகூட வரவில்லை.

அன்ரனெற், நீ இடைவேளையில் போனில் வாசிக்கிறனீ என்று தெரியும். இந்த மாதத்துக் குறிப்பை வேலையிடத்தில் வைத்து வாசிக்காதே. வீட்டுக்குப் போய் இருந்து வாசி. பொலிசுக்கு நான் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். தமிழ் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்புகிறோம் என்றார்கள். போத்தல் மேசையில் இருக்கிறது.

பாலேஸ்வரி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். படப்பிடிப்புத் திறம். மணிச் சத்தத்தைப் பதிவு செய்த ஆளுக்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம். நடுவில் கொஞ்சம் இழுவை. ஆனால் கீழே இருந்து மணி அடிக்கிறது யாரென்று கடைசிவரை காட்டவே இல்லை. சரக்கை விரிக்காமல் விலை சொல்லுகிற வேலை, அது எனக்குப் பிடிக்காது.

சீமோன்: நாலரை.
நான்: இரண்டு.
சராசரி: மூன்றேகால்.
சீமோன் தரவேண்டிய பாக்கி: அரை.