நான் கலந்து கொடுத்த பெற்றோல்

பிரியவதனி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கடற்காற்றில் மோட்டார் சைக்கிள் சங்கிலி ஒரு கிழமையில் கறள்பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நாரந்தனையில் இரண்டு நாள் போதும். திருத்திக்கொள்ளுங்கள்.

என் தங்கை ஜெனீற்றாவைப் பற்றிய மற்ற விபரங்கள் பெரும்பாலும் சரி. 1996இல் நான் சந்தியில் கராஜ் திறந்தேன். அம்மா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சமாதானக் காலம் வந்த 2002இல், வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலை ஊடறுத்துப் போகும் தெருவில் இளைஞர்கள் போட்டி வைக்கத் தொடங்கினார்கள். வளைவு கிடையாது. கால் மைல் நேர்த்தெரு, இரண்டு பேர், ஒரு கொடி. பன்னிரண்டு பதின்மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

முதல்நாள் அவள் வந்து நின்றபோது, சுருவிலிலிருந்து வந்த றொஜன் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஜெனீற்றா, உமக்குக் கிளச் எது, பிறேக் எது எண்டு தெரியுமே?" என்றான்.

"கிளச் தெரியும். பிறேக் பின்னால வாற ஆக்களுக்குத்தானே" என்றாள் அவள்.

அன்று வென்றாள். அந்தத் தெருவில் பதினொரு தடவை வென்றாள். காவலரணில் நின்ற கடற்படையினர்கூடத் துவக்கைத் தோளில் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். தெற்கில், பழைய விமான ஓடுபாதை ஒன்றில் நடந்த பெண்கள் போட்டியில் தொடர்ந்து இரண்டு வருடம் முதலாமிடம். இவையெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கின்றன. அந்த மோட்டார் சைக்கிளை மூன்று பழைய வண்டிகளிலிருந்து நான் கட்டினேன் என்பது இல்லை. சிலிண்டரை அரத்தால் அராவியது, இருக்கையின் பஞ்சைப் பிடுங்கிப் பாரம் குறைத்தது, கொடி அசையும்போது கிளச்சை எவ்வளவு விடவேண்டும் என்று முற்றத்தில் மாதக்கணக்காகப் பழக்கியது, எல்லாம் நான். குறையாகச் சொல்லவில்லை. விபரமாகச் சொல்கிறேன்.

2005 ஆகஸ்டில் கொழும்பிலுள்ள ஒரு றேஸ் குழுவிடமிருந்து அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஊரில் ஆங்கிலக் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்துச் சொல்வேன். அதையும் அப்படியே சொன்னேன். கொழும்புக்கு வந்து அவர்களுக்காக ஓடினால் புது மோட்டார் சைக்கிள், தங்க இடம், அவர்களுடைய மெக்கானிக்.

"அவையின்ர மெக்கானிக்கோ?" என்று சிரித்தாள். "அப்ப அண்ணை, இனி உன்ர நகத்துக்குள்ள ஊத்தை இராது."

பகிடிதான். நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சமாதானம் கலங்கிக்கொண்டிருந்தது. ஒரு தீவுப் பெண் தனியே கொழும்பில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போகாதே என்றால் கேட்கமாட்டாள். அவள் வீட்டில் இருக்கவேண்டும். அதற்கு ஒரு வழி வேண்டும்.

இனி, உங்கள் கட்டுரையின் பெரிய பிழைக்கு வருகிறேன். அவளுடைய அண்ணன் பெற்றோலில் ஒயில் கலக்க மறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகை இயந்திரத்துக்கு இரண்டையும் கலந்தே ஊற்றவேண்டும். ஒயில் இல்லாவிட்டால் பிஸ்ரன் சூடேறி விரிந்து சிலிண்டரோடு இறுகிவிடும், பின்சில்லு அந்தக் கணமே நின்றுவிடும். கராஜ் வைத்திருந்த இத்தனை வருடத்தில் நான் ஒரு போத்தலுக்கும் ஒயில் கலக்க மறந்ததில்லை. போட்டிக்கு முந்திய வியாழக்கிழமை, கராஜில் கிடந்த இன்னொரு இயந்திரத்தை வெறும் பெற்றோலில் முறுக்கி ஓடவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவில் இறுகி நின்றது. மறந்துபோகிறவன் இதையெல்லாம் செய்யமாட்டான்.

கொழும்புக்குப் போகுமுன் றொஜனோடு கடைசியாக ஒருமுறை ஓடவேண்டும் என்று அவள்தான் கேட்டாள். ஞாயிறு பின்னேரம். பெற்றோல் போத்தலை வண்டியின் தாங்கியில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, ஒயில் கலந்தாச்சே?" என்றாள். ஒருநாளும் கேட்காதவள்.

"ஓம்" என்றேன்.

வண்டியைச் சூடாக்க மெல்ல ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை.

"சத்தம் காய்ஞ்ச மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் பார்."

குனிந்து பார்த்தேன். அவளுக்குக் காது அவ்வளவு துல்லியம். அந்தக் காதைப் பழக்கியதும் நான்தான். தொடவேண்டிய அவசியமில்லாத ஒரு வயரைத் தொட்டேன். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"சில்வெஸ்ரர் அண்ணை, பூசை வைக்கிறீங்களோ?" என்று றொஜன் கத்தினான். "பொழுதுபடப் போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கி நாலு நிமிடமும் சில விநாடிகளும் ஆகியிருந்தன. ஒரு சொல் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயிலடி. வேற ஒண்டுமில்லை. ஓடு" என்றேன்.

கொடி விழுந்தது. புறப்பாடு மிக நன்றாக இருந்தது. இரண்டு வண்டி நீளம் முன்னால் போனாள். முந்நூறு மீற்றர் தாண்டியதும் சத்தம் அறுந்தது. பின்சில்லு தெருவில் கறுப்பாக ஒரு கோடு இழுத்தது, அவள் கடலோரக் கல்லுகளில் போய் விழுந்தாள். காலொன்று முறியும் என்றுதான் கணக்கிட்டிருந்தேன். முதுகெலும்பு என் கணக்கில் இருக்கவில்லை.

நாலு வருடமாக நான்தான் பார்க்கிறேன். தூக்கிக் குளிக்கவார்க்கிறேன், தலைவாரிவிடுகிறேன், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டிவிடுகிறேன். நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள், அவளில் ஒரு புண் கிடையாது. "அண்ணை, நீ இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்று அடிக்கடி கேட்கிறாள். வென்ற பதின்மூன்று தடவையும் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கொழும்பு டொக்டர் ஒருவர் போன வருடம் எழுதியிருந்தார். அவளுடைய எக்ஸ்றே படங்களைப் பார்த்தாராம். சத்திரசிகிச்சை செய்தால் ஊன்றுகோலோடு நடக்கக்கூடுமாம். அப்போது யுத்தத்தால் கொழும்புப் பாதை பூட்டிக்கிடந்தது, வீணாக ஆசை காட்டவேண்டாம் என்று வைத்துவிட்டேன். இப்போது பாதை திறந்துவிட்டது. போன திங்கட்கிழமை அவரிடமிருந்து மீண்டும் கடிதம் வந்தது. இந்த வருட முடிவுக்குள் வரவேண்டும், இனியும் பிந்தினால் பயனில்லை என்று. சத்திரசிகிச்சையில் விருப்பமில்லை என்று பதில் எழுதி, அவள் பெயரில் கையெழுத்து வைத்து, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டேன்.

அன்று கடிதத்தைத் தந்துவிட்டுத் தபால்காரன் போனதும், "என்ன கடிதம் அண்ணை?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள்.

"றேஸ்காரர். உன்ர பழைய படம் ஒண்டு வேணுமாம்."

"என்னை இன்னும் மறக்கேல்லையோ அவை?" என்று சிரித்தாள். கனநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு டொக்டரின் கதையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு நோகக்கூடிய எதையும் நான் இன்றுவரை செய்ததில்லை.

இப்படிக்கு,
கு. சில்வெஸ்ரர்