ஆறிப்போன பருப்புச் சூப்பும் ஸ்கொட்லாந்தின் மரியாதையும்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் குலேந்திரன் அண்ணை அவர்களே, இந்தச் சுவிஸ் நாட்டுத் திரிம்பாக்கின் பனியையும் பொருட்படுத்தாது வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தமிழைத் தாலாட்டிலே தந்த தாய்மாரே, வரும் வாரம் கிளாஸ்கோ நகருக்கு வேலைக்குப் புறப்படும் எங்கள் பிள்ளைகள் ஹரிஷா, தேனுஜன் ஆகியோரே, அந்தச் சமையலறைத் தடுப்புக்குப் பின்னால் அகப்பையும் கையுமாக நிற்கும் அன்னையரே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

ஸ்கொட்லாந்து மக்களோடு எப்படி வியாபாரம் பேசுவது, எப்படிச் சாப்பிடுவது என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுமாறு தலைவர் பணித்தார். நானோ ஒரே ஒரு முறை போய் வந்தவன். ஆனாலும் ஒலிவாங்கியைக் கையில் தந்தால் விடுவேனா? சிரிக்காதையுங்கோ, உள்ளதைத்தான் சொல்லுறன்.

அதுவும் துணைக்குத்தான்; உண்மையில் அலுவலாகப் போனவர் ஞானேஸ்வரி அக்கா. லாங்கன்தாலில் கறித்தூள் வறுத்து அரைத்து விற்கிறாரே, அவர்தான். வழக்கமாக வாங்கிய கடைக்காரர் கைவிட்டுவிட்டார். கிளாஸ்கோவில் ஒரு மொத்த வியாபாரி வாங்கச் சம்மதித்தால் ஆலை நிலைக்கும். இல்லையென்றால் அவரோடு வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பாரத்தோடு அக்கா போனார். தூள் பெட்டியின் பாரத்தோடு நான் போனேன்.

சொன்ன நேரத்துக்குப் போய் நின்றோம். அது சுவிஸ் நமக்குப் பழக்கியது. அங்கேயும் அதே ஒழுங்கு. ஆனால் போனவுடன் விலை பேசினார்களா? இல்லை. கணக்குக் கோப்பைத் திறந்தார்களா? இல்லை. தேநீர் தந்தார்கள், வெண்ணெய் மணக்கும் பிஸ்கட் தந்தார்கள், மழையைப் பற்றி ஆறுதலாகக் கதைத்தார்கள். அக்கா முதலாளியை "மிஸ்டர்" என்று அழைக்க, "யூவன் எண்டே கூப்பிடுங்கோ" என்றார் அவர். வாசல் காவலாளியும் அவரை அப்படித்தான் அழைத்தார். பெருமை பேசாத பெருமக்கள், குரல் உயர்த்தாத குணவான்கள். பிள்ளைகளே, அங்கே உங்கள் பொருளை நீங்களே புகழ்ந்து தள்ளாதீர்கள். பொருளை முன்னால் வையுங்கள், பிறகு பேசாமல் இருங்கள்.

அக்கா அதைத்தான் செய்தார். பருப்புச் சூப் அவர்களுடைய அன்றாட உணவு. அங்கேயிருந்த சமையலறையில் அதிலே தன் தூளைக் கொஞ்சம் சேர்த்துக் காய்ச்சி, மேசையில் இருந்த எல்லோருக்கும் தன் கையாலே பரிமாறினார். பரிமாறிவிட்டு என்ன செய்தார்? நம் பெண்கள் செய்வதைத்தான். அகப்பையோடு ஓரமாக நின்றார்.

ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. சூப்பின் ஆவி எழுந்தது, மெலிந்தது, நின்றது. யூவன் அக்காவைப் பார்க்கிறார். அக்கா சூப்பைப் பார்க்கிறார். "தம்பி, மணம் பிடிக்கேல்லைப் போல. எல்லாம் போச்சுது" என்றார் என்னிடம்.

அப்போது யூவன் எழுந்தார். ஒரு கதிரையை இழுத்து வைத்தார். அக்காவின் கையிலிருந்த அகப்பையை மெல்ல வாங்கி, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்தார். "நீங்கள் இருந்தால்தான் நாங்கள் தொடங்குவம்" என்றார்.

அக்கா அந்தக் கதிரையில் இருந்தார். ஆறிப்போன சூப்பை அத்தனை பேரும் குடித்தார்கள், மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். மாலையில் கைகுலுக்கி வியாபாரம் முடிந்தது. ஆனால் விமானத்தில் அக்கா வியாபாரத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. "என்ர சமையலைச் சபையில இருந்து சாப்பிடச் சொல்லி இவ்வளவு காலத்தில ஒருத்தரும் கேட்டதில்லை, தம்பி" என்றார்.

அன்புச் சபையே, விருந்தோம்பல் எங்கள் சொத்து என்று மேடைதோறும் முழங்கினோமே, விருந்தைச் சமைத்தவரை ஒருநாள் விருந்தினராக வைத்தோமா? ஊட்டிய கை உண்டதா என்று கேட்டோமா? அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு கிளாஸ்கோக்காரர் வேண்டியிருந்ததே.

என்ன, தடுப்புக்குப் பின்னாலே குரல்? சிவகலா அக்காவோ? சோறு ஆறுதாம், கெதியா முடிக்கட்டாம். ஓம் அக்கா, முடிக்கிறன். ஆனால் ஆறட்டும். ஆண்களே, எழும்புங்கள். முன்வரிசைக் கதிரைகள் இன்று சமைத்தவர்களுக்கு. தேனுஜன், கிளாஸ்கோவில் படிக்க வேண்டிய பாடத்தை இங்கேயே தொடங்கு. அந்தச் சாம்பார் வாளியைத் தூக்கு.

செவி தந்த சபைக்கு நன்றி. சோறு தந்த கைகளுக்கு வணக்கம். சிவகலா அக்கா, அகப்பையை இப்பிடித் தாங்கோ. வந்து இருங்கோ. நீங்கள் இருந்தால்தான் நாங்கள் தொடங்குவம்.